மடியடி மீன்களை அடையாளம் காண்பது எப்படி?

குளச்சல் முதல் விழிஞ்ஞம் வரை விசைப்படகு மடியில் (இழுவலையில்) ஏறும் அடிமட்ட மீன்கள் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்): அண்ணாச்சி, நாக்குமீன் எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கு. எப்படிப் பிரிக்க?

பதில்: நிறத்தை விட்டுடுங்க தம்பி, ஐஸில் கிடந்தா அது மாறிடும். இந்தத் தட்டை மீன்களுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். கண்ணுள்ள பக்கத்தை மேலே வச்சு, வயிறு உங்களைப் பார்க்கிற மாதிரி பலகையில் போடுங்க. தலை இடதுகைப் பக்கம் இருந்தா இடக்கண் மீன். மாந்தள் இந்த வகை; முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலோடு ஒட்டியிருக்கும், செவுளுக்குப் பின்னால் பக்கத்துடுப்பு கிடையாது. எருமைநாக்குக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அதில் இடக்கண், வலக்கண் இரண்டும் வரும். வாய் பெருசு, பல் கூர்மை, முதுகுத்துடுப்பு கண்ணைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும்.

மாந்தளுக்குள்ளேயே பிரிக்க, சளியைத் துணியால் ஒற்றிட்டு, சாய்வெளிச்சத்தில் பக்கக்கோடுகளை (உடம்பின் நீளத்துக்கு ஓடும் கோடுகளை) எண்ணுங்க. கண்பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒண்ணுமில்லை, செதில் பெருசு என்றால் அறிவியல் பெயரில் சைனோகுளோசஸ் ஏரல். இருபக்கமும் இரண்டிரண்டு என்றால் சைனோகுளோசஸ் பைலினியேட்டஸ். மடியில் நசுங்கிச் செதில் உதிர்ந்ததை வச்சு எண்ணினா தப்பாத்தான் வரும், வேற மீன் எடுங்க.

கேள்வி (பூவார்): அரணமீன் எல்லாம் ஒரே தும்பிலிதானா?

பதில்: இல்லை. பல்லி மாதிரித் தலையுள்ள இந்த மீனில் வகை உண்டு. வாயைத் திறந்து அண்ணத்தைப் பாருங்க. ஒவ்வொரு பக்கமும் பல்பட்டை இரண்டு இருந்தா சௌரிடா, ஒண்ணுதான்னா சைனோடஸ். சௌரிடாவில் வாலின் மேல்விளிம்பில் கரும்புள்ளி வரிசை இருந்தா சௌரிடா அண்டோஸ்குவாமிஸ்.

கேள்வி (கொல்லங்கோடு): துடுப்புக்குக் கீழே விரல் மாதிரி தனியா நீட்டிட்டு இருக்கே, அது என்ன அண்ணே?

பதில்: எத்தனை விரல்னு எண்ணுங்க, ஆனா கையால தொடாம. பக்கத்துக்கு மூணுன்னா கர்னார்டு. ஐரோப்பாவின் குளிர்கடலில் கரையோரத்திலேயே பிடிபடும். நம்ம பக்கம் ஆழத்துக்குப் போற வலையில்தான் வரும். செதிலில்லாத உடம்பு, ஒரே ஒரு விரல்னா மைனஸ் (Minous) என்ற மீன், தேள்மீன் கூட்டம். அதோட முதுகுமுள் விஷம். குத்திட்டா, பொறுக்கிற சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிஷம் கையை வைக்கணும். சூட்டில் விஷம் சிதையும். மரத்த கைக்குச் சூடு உறைக்காது, அதனால மற்ற கையால தண்ணியைத் தொட்டுப் பார்த்துக்குங்க. பிறகு ஆஸ்பத்திரி. ஐஸ் வேண்டாம்.

கேள்வி (குளச்சல்): கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் அடிமீன் கரையோரம் ஏறுதே, ஏன்?

பதில்: ஆழத்துக் குளிர்நீர் அப்போ கரைப்பக்கம் மேலேறும். அதில் ஆக்ஸிஜன் குறைவு, மீன் அதுக்கு முன்னால ஓடி வருது.

கேள்வி (விழிஞ்ஞம்): உழுவை விற்கலாமா சேட்டா?

பதில்: உழுவைன்னா கித்தார் வடிவத் திருக்கைக் கூட்டம்; எந்த உழுவை என்பதைப் பொறுத்தது. முதல் முதுகுத்துடுப்பு இடுப்புத்துடுப்புக்கு நேர் மேலே, வாலில் கீழ்மடலும் தெளிவா இருந்தா ரிங்கோபேட்டஸ். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலேயே அந்தப் பெயர் ஏறிடுச்சு, அதனால விற்கக் கூடாது. இரண்டு முதுகுத்துடுப்பும் இடுப்புத்துடுப்புக்குப் பின்னால தள்ளி, வாலில் கீழ்மடல் இல்லைன்னா வேற இனம். சந்தேகம்னா ஏலத்துக்குக் கொண்டுவராம, உயிரோட இருக்கும்போதே கடலில் விடுங்க.