பிழையா, அடிபட்டதா? காசு சேர்ப்போர் கேள்வி–பதில்

கேள்வி: ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் படித்துறையில் என் பையன் கயிற்றில் காந்தம் கட்டி எடுத்த காசுகளில், ஒரு 2 ரூபாயின் ஓரம் கடித்ததுபோல வளைவாகக் குறைந்திருக்கிறது. எரர் காயினா (அடிக்கும்போதே பிழையாக வந்த காசா), மணலில் தேய்ந்ததா?
– வாசகி, திருவையாறு

பதில்: மணல் ஒரே இடத்தில் கடிக்காதும்மா, காசு முழுவதையும் மழுங்கடிக்கும். மற்றபடி கையில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. சோமாசிக்கு மாவைத் தேய்த்து டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவோம் இல்லையா, மூடி முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறிவிட்டால் அடுத்த வட்டம் ஓரம் குறைந்துதான் வரும். நாணயச் சாலையில் உலோகத் தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போதும் இதேதான் நடக்கிறது, முத்திரை அடிப்பதெல்லாம் அப்புறம்தான். அதனால் குறைந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். பிழைக் காசென்றால் பெரும்பாலும் அங்கே மேடு சரியாக எழும்பாமல் மங்கியிருக்கும், ஏனென்றால் விளிம்பை உயர்த்தும் எந்திரத்தில் இந்தப் பக்கம் பிடிமானம் இல்லாததால் அந்தப் பக்கம் அழுத்தம் விழுவதில்லை. குறைவை ஒட்டிய எழுத்துகளும் லேசாக இழுபட்டுக் கரையும். யாராவது அரத்தால் ராவியிருந்தால் எழுத்து நறுக்கென்று அறுபட்டு நிற்கும், வெட்டில் கீறல் தெரியும், எதிர்ப்பக்க விளிம்பு நன்றாகவே இருக்கும். நான் முதலில் விலை கொடுத்து வாங்கிய எரர் காயினில் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கத் தெரியாமல் ஏமாந்தேன், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு ரூபாயைத் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாக இருக்கிறதே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எப்படித் திருப்பினீர்கள்? மேலிருந்து கீழாகப் புரட்டினால் நம் காசு எல்லாமே தலைகீழ்தான். புத்தகத்தாளைப் போலப் பக்கவாட்டில் புரட்டுங்கள், மறுபக்கமும் நேராக வர வேண்டும். அப்படியும் சாய்ந்தோ கவிழ்ந்தோ இருந்தால் முத்திரை அடிக்கும் இரண்டு அச்சுகளில் ஒன்று இடம் மாறித் திரும்பியிருக்கிறது, எடுத்து வையுங்கள். எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும், ஆண்டுக்குக் கீழுள்ள குறியையும் குறித்துக்கொள்ளுங்கள்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா.

கேள்வி: பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் வந்த 5 ரூபாய் என்னிடம் இருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். அது நினைவு நாணயம், புழக்கத்துக்கென்றே வந்தது, பிழை எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கி பெயரைச் சொன்னாலும் நம்ப வேண்டாம். பழைய காசு வியாபாரத்தில் தாங்கள் இல்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று அவர்களே 2021-இல் எச்சரித்திருக்கிறார்கள்.

கேள்வி: வயலில் உழும்போது கிடைத்த பச்சை பிடித்த செப்புக்காசுகளைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குத்தான் புளி. ஒருபக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், பக்கத்தில் நாகரி எழுத்து (இந்தி எழுத்தைப் போன்றது) என்றிருந்தால் அது ராஜராஜன் காசாக இருக்கலாம், தேய்த்தால் அந்த எழுத்துதான் முதலில் போகும். மண் ஒட்டியபடியே தாளில் மடித்து வையுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் கிடைத்த இடம், நாள் எல்லாம் எழுதிக்கொண்டு முதலில் தாலுகா ஆபீசுக்குப் போய் விவரம் சொல்லிவிடுங்கள்.