டயாமாக்ஸ் கேட்டு டயாமைக்ரான் வாங்கிய கதை

நேபாளத்து முக்திநாத் யாத்திரையில் அம்மாவுக்கு வந்த தடுமாற்றம் மலை உயரத்தாலா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய மாத்திரை அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேட்டது டயாமாக்ஸ், கடையில் கொடுத்தது டயாமைக்ரான். முதலாவது, உயரமான மலைக்குப் போகிறவர்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் தடுக்கப் போட்டுக்கொள்ளும் அசிட்டசோலமைடு. இரண்டாவது கிளிக்ளசைடு, சர்க்கரை நோய் மாத்திரை. சர்க்கரையே இல்லாத உங்கள் அம்மா அதைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு பொக்காராவில் விமானம் ஏறி, முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோமில் இறங்கியதும் சேலை நனைய வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். யாரோ சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்த டீ கால் மணி நேரத்தில் தெளிய வைத்திருக்கிறது. மலை ஒன்றும் செய்யவில்லை, சர்க்கரை இறங்கியிருக்கிறது. அந்த மாத்திரை பல மணி நேரம் வேலை செய்யும்; ஒரு டீயோடு விட்டு, மதியமே ஜீப்பில் மேலே ஏற்றினீர்களே! நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

இப்போது பழையபடி இருக்கிறார் என்றால் மூளை ஸ்கேன் வேண்டாம். இதனால் சர்க்கரை நோயும் வராது.

உங்கள் உண்மையான பயம் அடுத்த மாதம் போகப்போகும் அப்பாவைப் பற்றித்தான். திருவந்திபுரம் ஔஷதகிரிப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் என்கிறீர்கள். அந்தத் தெம்புக்கும் மலை நோய்க்கும் சம்பந்தமில்லை. கடல் மட்டத்தில் கிடந்த உடம்பை 3,700 மீட்டருக்கு மேல் அவசரமாகத் தூக்கிப் போவதுதான் சிக்கல், அதனால் ஜோம்சோமில் ஓர் இரவாவது தங்கட்டும். டயாமாக்ஸில் விரல் மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். விடுங்கள். வீடியோ பார்த்து வாங்கி வைத்திருக்கும் தூக்க மாத்திரையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அது மேலே மூச்சை அமுக்கும்.

பார்க்க வேண்டியது நடையைத்தான். ஒரு குதிகாலை மறு காலின் விரல் நுனியில் முட்ட வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, அது ஆபத்து. நடு இரவானாலும் ஆள் துணையோடு உடனே கீழே இறக்குங்கள். முக்திநாத் கோயிலின் 108 நீர்த்தாரையில் குளிக்கவில்லையே என்று பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாதவரா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்புறம் அந்த அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் குப்பையில் போடுங்கள், பக்கத்து வீட்டுச் சர்க்கரைக்காரருக்குத் தானம் செய்யாதீர்கள்.