கல்லூரி மல்யுத்தம் எந்தச் சேனலில், எந்த ஆப்பில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவம்பர் பிறந்தால் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சீசன் ஆரம்பம். மார்ச் மூன்றாவது வாக்கில் தேசியப் போட்டியோடு முடியும். நடுவில் வரும் மடல்களின் சாரம் ஒன்றுதான்: "காசு கட்டியாச்சு, மேட்ச் எங்கே?"

மகன் பள்ளி அணியில் மல்யுத்தம் செய்கிறான். பென் ஸ்டேட் கல்லூரி அணி என்றால் அவனுக்கு உயிர். அவனுக்காக பிக் டென் பிளஸ் சந்தா எடுத்தேன். அயோவாவுடன் மோதும் நாளில் திறந்து பார்த்தால் அந்த மேட்ச்சே அதில் இல்லை. ஏமாற்று வேலையா?
– ஒரு அப்பா, நியூ ஜெர்சி

ஏமாற்று இல்லை, பெயர்க் குழப்பம். பிக் டென் என்பது பென் ஸ்டேட், அயோவா போன்ற கல்லூரிகளின் கூட்டமைப்பு. இப்படிப்பட்ட கூட்டமைப்பைத்தான் 'கான்ஃபரன்ஸ்' என்பார்கள். பிக் டென் நெட்வொர்க் என்பது அதன் டிவி சேனல். பிக் டென் பிளஸ் என்பது அந்தச் சேனலில் இடம் கிடைக்காத ஆட்டங்களைக் காட்டும் தனி ஸ்ட்ரீமிங். சேனலில் போகிற ஆட்டம் அமெரிக்காவுக்குள் பிளஸ்ஸில் நேரலையாக வராது. பென் ஸ்டேட், அயோவா மாதிரி பெரிய மோதலைச் சேனல் விட்டுவைக்குமா? எனவே உங்கள் மகனுக்குத் தேவை அந்தச் சேனல் உள்ள ஒரு தொகுப்பு. கேபிள் இல்லாத வீட்டுக்கு யூடியூப் டிவி, ஹுலு லைவ், ஃபூபோ எதுவானாலும் சரி. பிக் டென் அணிகள் தங்களுக்குள் மோதுவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான். மார்ச் தொடக்கத்தில் கான்ஃபரன்ஸ் போட்டி. வருடம் முழுக்கப் பணம் கட்டத் தேவையே இல்லை.

இன்னொரு விஷயம். சீசன் அட்டவணை வந்ததும் எல்லோரும் "யாருடன்" என்றுதான் பார்க்கிறார்கள். "எங்கே" என்று பாருங்கள். ஒளிபரப்பு உரிமை ஆட்டத்தை நடத்தும் அணியின் கான்ஃபரன்ஸோடு போகும். அதே அயோவா, ஓக்லஹோமா ஸ்டேட் அணியை அயோவா சிட்டியில் சந்தித்தால் அது பிக் டென் பக்கம். ஓக்லஹோமா ஸ்டேட்டின் ஊரான ஸ்டில்வாட்டருக்குப் போய் மோதினால் அந்த அணியின் கான்ஃபரன்ஸான பிக் 12 பக்கம், அதாவது இஎஸ்பிஎன் ஸ்ட்ரீமிங். ஏசிசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் அணிகளும் இஎஸ்பிஎன் குடும்பம்தான். இது புரிந்துவிட்டால் மேட்ச் தேடி ஆப் ஆப்பாக அலைய வேண்டாம்.

பதிவு செய்து பார்ப்பவர்கள் முடியும் நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டி வையுங்கள். முன்னால் ஓடும் கூடைப்பந்து ஆட்டம் இழுத்தடித்தால் கடைசியில் வரும் ஹெவிவெயிட் மோதல் பதிவாகாமல் போகும். பத்து எடைப் பிரிவும் முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

ஃபுளோ ரெஸ்லிங் சந்தா தேவையா?
– வாசகர், ஒஹாயோ

ஃபுளோ ரெஸ்லிங் மல்யுத்தத்துக்கான தனி ஸ்ட்ரீமிங். டிசம்பர் போட்டிகள் வேண்டுமானால் தேவை. லாஸ் வேகஸில் நடக்கும் கிளிஃப் கீன் போட்டி மாதிரி, பல கல்லூரிகள் பொது இடத்தில் கூடும் போட்டிகளில் பல அங்கேதான் வரும். உங்கள் அணி இன்னோர் அணியோடு நேருக்கு நேர் மோதும் டூயல்களும் மார்ச் மாதமும் மட்டும் போதும் என்றால் அந்தக் காசு வீண். மாதச் சந்தா விலை கூடுதல், ஆண்டுச் சந்தா கணக்குப் பார்த்தால் மலிவு. ஆனால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள்.

மார்ச் மாதத் தேசியப் போட்டியை இந்த முறை முழுதாகப் பார்க்க ஆசை. போன முறை திரையில் எட்டு மேட், எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.
– வாசகி, பிட்ஸ்பர்க்

எனக்குப் பிடித்த கேள்வி. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் முதல் டிவிஷன் போட்டி வியாழன் முதல் சனி வரை மூன்று நாள். 125 பவுண்டு முதல் 285 வரை பத்து எடைகள், எடைக்கு 33 பேர், மொத்தம் 330 மல்லர்கள். முதல் நாள் எட்டு மேட்டிலும் (மல்யுத்த விரிப்பு) ஒரே நேரத்தில் சண்டை நடக்கும். இஎஸ்பிஎன் சேனல்களில் வருவது தொகுப்பாளர் தேர்ந்தெடுத்துக் காட்டும் காட்சி. ஆப்பில் ஒவ்வொரு மேட்டுக்கும் தனி கேமரா ஓடும். சந்தாவில் இரண்டு படிகள் உள்ளன: சின்னதில் ஸ்ட்ரீமிங் மட்டும், 2025 ஆகஸ்டில் மாதம் 29.99 டாலருக்கு வந்த பெரியதில் இஎஸ்பிஎன் சேனல்களும் சேர்த்தி. சனிக்கிழமை இறுதிப் போட்டிகள் சேனலில் போகும் என்பதால், டிவி தொகுப்பு இல்லாதவர்கள் அந்த ஒரு மாதம் பெரியதை எடுப்பது நல்லது.

பார்க்கும் விதம் பற்றிச் சொல்கிறேன். வியாழன் அன்று டிவியில் சேனலை ஓடவிட்டு, கையில் போனிலோ டேப்லெட்டிலோ பிராக்கெட்டை, அதாவது யாருடன் யார் மோதுகிறார் என்ற அட்டவணையை, திறந்து வையுங்கள். எட்டையும் துரத்த வேண்டாம். உங்களுக்குப் பிடித்த இரண்டு எடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மல்லர்கள் எந்த மேட்டில் வருகிறார்களோ அந்த கேமராவுக்கு மாறுங்கள்.

வெள்ளி இரவுக்கு மட்டும் வேறு வழி. டிவி முழுக்க அரையிறுதியைக் கொண்டாடும். அதே இரவில், பக்கத்து மேட்டுகளில், ஒருமுறை தோற்றவர்களுக்கான சுற்று ஒன்று நடக்கும். அமெரிக்க ரசிகர்கள் அதை 'பிளட் ரவுண்ட்' என்பார்கள். ஒரு எடையில் முதல் எட்டு இடம் பிடிப்பவர்தான் 'ஆல் அமெரிக்கன்'. இந்தச் சுற்றில் ஜெயித்தால் எட்டுக்குள் இடம் உறுதி, தோற்றால் வீட்டுக்கு. கடைசி ஆண்டு மாணவனுக்கு அதோடு கல்லூரி வாழ்க்கையே முடிந்தது. ஒருவன் பயிற்சியாளரைத் தூக்கிச் சுற்றுவான், எதிராளி மேட் ஓரத்தில் முகத்தை மூடி உட்கார்ந்திருப்பான், அடுத்த ஜோடி அதற்குள் உள்ளே வந்துவிடும். அரையிறுதியைவிட எனக்கு இதுதான் பெரிது. அரையிறுதியை மறுநாள் காலை மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒலிம்பிக்கில் அமன் ஷெராவத் ஆடியதைப் பார்த்து மல்யுத்தம் பிடித்துப்போனது. இங்கே கல்லூரி மேட்ச் பார்த்தால் புள்ளிக் கணக்கே விளங்கவில்லை. திரையில் இன்னொரு கடிகாரம் வேறு ஓடுகிறது!
– மாணவர், மிச்சிகன்

அமன் ஆடுவது ஃப்ரீஸ்டைல். கல்லூரி ஆண்கள் ஆடுவது ஃபோக்ஸ்டைல், அமெரிக்காவின் சொந்தச் சரக்கு. ஃப்ரீஸ்டைலில் எதிராளியின் முதுகை ஒரு கணம் தரைப்பக்கம் திருப்பினாலே புள்ளி. இங்கே திருப்பினால் போதாது, பிடித்து வைக்க வேண்டும். நடுவர் கையை வீசி வீசி எண்ணுவார். எவ்வளவு நேரம் பிடித்தீர்களோ அதைப் பொறுத்து 2, 3, 4 புள்ளி. நின்ற நிலையில் இருந்து எதிராளியைக் கீழே வீழ்த்தி அடக்கும் டேக்டவுனுக்கு 2023-24 சீசனிலிருந்து 3 புள்ளி, அதற்கு முன் 2. கீழே இருப்பவர் தப்பினால் 1, புரட்டி மேலே வந்தால் 2. முதல் சுற்று மூன்று நிமிடம், அடுத்த இரண்டும் இரண்டிரண்டு நிமிடம்.

அந்த இரண்டாவது கடிகாரம் 'ரைடிங் டைம்'. மேலே இருந்து எதிராளியை அடக்கி வைத்திருக்கும் நேரம் அதில் ஏறும். எதிராளி மேலே வந்தால் இறங்கும். முடிவில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ யார் பக்கம் நிற்கிறதோ அவருக்கு 1 புள்ளி. ஆட்டம் 4-4 என்று இருக்கும்போது ஒருவன் எதுவும் செய்யாமல் காலைப் பிடித்துக்கொண்டு கிடப்பதாகத் தோன்றினால், அந்தக் கடிகாரத்தைப் பாருங்கள், காரணம் தெரியும். சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நடுவரின் ஒரு மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, இன்னொன்றில் பச்சை. எந்தக் கை உயர்கிறதோ அந்த நிறக்காரருக்குப் புள்ளி, விரல்கள் எண்ணிக்கை.

கோவையில் இருந்து பார்க்க வழி உண்டா? எத்தனை மணிக்கு?
– வாசகர், கோயம்புத்தூர்

இஎஸ்பிஎன் ஆப்பின் அமெரிக்கச் சந்தா அமெரிக்காவுக்குள் மட்டும். அதனால் நேரலையை நம்பி இருக்காதீர்கள். என்சிஏஏ, பிக் டென் இரண்டின் யூடியூப் பக்கங்களிலும் முழு மோதல்கள் பல கிடைக்கின்றன. ஒரு மோதல் ஏழு நிமிடம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். முதலில் 2025 ஹெவிவெயிட் இறுதியைத் தேடுங்கள். டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற கேபிள் ஸ்டீவ்சனை, ஓக்லஹோமா ஸ்டேட்டின் வயாட் ஹெண்ட்ரிக்சன் கடைசி நொடிகளில் ஒரு டேக்டவுன் போட்டு 5-4 என்று சாய்த்தார். பார்க்கும் முன் கருத்துப் பகுதியைப் படிக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன், முடிவை நானே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, தெரிந்து பார்த்தாலும் உட்கார முடியாது.

நேரம்: நியூயார்க் நேரம் வெள்ளி இரவு 7 மணி என்றால் நமக்குச் சனி காலை 5.30. மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு 4.30. தேசியப் போட்டி எப்போதும் அந்த மாற்றத்துக்குப் பின்னால்தான்.

பெண்கள் மல்யுத்தமும் இதே சந்தாவில் வருமா?
– வாசகி, டெக்சஸ்

அணியைப் பொறுத்தது, மேலே சொன்ன "எங்கே" கணக்கு இங்கேயும் உதவும். 2025 ஜனவரியில்தான் என்சிஏஏ பெண்கள் மல்யுத்தத்துக்குத் தனி சாம்பியன்ஷிப் அந்தஸ்து கொடுத்தது. முதல் போட்டி 2026 மார்ச்சில், அயோவா மாநிலத்தின் கோரல்வில்லுக்கு ஒதுக்கப்பட்டது. சிறிய கல்லூரிகள் இதில் நிறைய. அவற்றில் பல தங்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் காட்டுகின்றன, ஒரே ஒரு கேமரா, வர்ணனை சுமார்தான். ஆட்டம் ஃப்ரீஸ்டைல் விதிப்படி நடப்பதால், மிச்சிகன் மாணவரும் இதிலிருந்து தொடங்கலாம்.

மேட்ச் முடியும் முன்னே போனில் ரிசல்ட் வந்துவிடுகிறது.
– வாசகர், சிகாகோ

ஸ்ட்ரீமிங் நேரலைக்குச் சற்றுப் பின்னால்தான் ஓடும். இஎஸ்பிஎன் ஆப்பில் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவை மூன்று நாள் மியூட் செய்யுங்கள்.