பிரிவு பிறந்த ஆண்டைப் பிடியுங்கள்: தமிழ்நாட்டுச் சட்டங்களின் நோக்கம் தேடுவோர் கேள்விகள்

கேள்வி: 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு (கோயில் பணியாளர் நியமனம்) எதற்காக வந்தது என்று அறிய, அந்த ஆண்டுப் பேரவை விவாதத்தை முழுக்கப் புரட்டியும் ஒன்றும் சிக்கவில்லையே?

பதில்: தேடிய ஆண்டுதான் தவறு. அர்ச்சகர் நியமனத்தில் பரம்பரை உரிமையை நீக்கும் வாசகம் பின்னால் வந்த திருத்தம். சட்டப் பிரதியில் பிரிவின் அடிக்குறிப்பைப் பாருங்கள். 1971-இன் 2-ஆம் எண் சட்டம் என்றிருக்கும். அதன் முன்வடிவோடு (அவையில் வைக்கப்படும் மசோதா) இணைந்த நோக்கக் காரண விளக்கவுரையில், அதாவது சட்டம் ஏன் வேண்டும் என்று சொல்லும் குறிப்பில், விடை இருக்கிறது: தீண்டாமை பற்றி ஆராய்ந்த இளையபெருமாள் குழு 1969-இல் பரம்பரை அர்ச்சக முறையை ஒழிக்கச் சொன்னது. இந்தத் திருத்தத்தை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் (1972) உச்ச நீதிமன்றமும் இந்த விளக்கவுரையை எடுத்துக்காட்டியது. ஆனால் தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்ற நீதிமன்றம், ஆகமம் (கோயில் வழிபாட்டு விதிநூல்) அர்ச்சகரிடம் கேட்கும் தகுதியைத் திருத்தம் தொடவில்லை என்றது. விளக்கவுரை எவ்வளவு விரிந்தாலும், பிரிவின் சொற்கள் போகும் தூரம்தான் சட்டம் போகும்.

கேள்வி: அரசிதழில் சட்டம் கிடைத்தது, விளக்கவுரை இல்லை.

பதில்: நீங்கள் பார்த்தது பகுதி 4, பிரிவு 2, அங்கே சட்டங்களும் அவசரச் சட்டங்களும் வரும். முன்வடிவு பிரிவு 1-இல் வெளியாகும், விளக்கவுரை அதன் கடைசியில் இருக்கும். முன்வடிவு எண்ணும் சட்ட எண்ணும் வேறு வேறு. ஒன்றை வைத்து மற்றதைத் தேடினால் கிடைக்காது.

கேள்வி: பெண்களுக்குச் சொத்துரிமை தந்த வாரிசுரிமைத் திருத்தத்தை 1989 என்கிறார்கள், 1990-இன் 1-ஆம் எண் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும். வாரிசுரிமை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் வருவது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தம் நிற்கக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். அது வந்தது 1990 ஜனவரியில், எண்ணும் அந்த ஆண்டுக்குரியது. பேரவை விவாதம் நடந்தது 1989-இல், அதை அந்த ஆண்டுத் தொகுதிகளில் தேடுங்கள். 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகச் சட்டமே சொல்கிறது. அதற்கு முன் மணமான மகளுக்கு அந்தத் திருத்தம் பங்கு தரவில்லை. ஆகவே நாள் குழம்பினால் வழக்கே குழம்பும்.

கேள்வி: அமைச்சரின் பேச்சை நீதிமன்றம் ஏற்குமா?

பதில்: பிரிவின் பொருள் தெளிவாக இருந்தால் உதவாது. ஐயம் இருந்தால், எந்தக் குறையைப் போக்க வந்த சட்டம் என்று காட்ட முன்வடிவைக் கொண்டுவந்தவரின் பேச்சை வைக்கலாம், உச்ச நீதிமன்றத்தின் கே.பி. வர்கீஸ் வழக்குத் தீர்ப்பு (1981) அதற்கு ஆதாரம். தனி உறுப்பினர் ஒருவரின் பேச்சை அவையின் கருத்தாக எடுக்க மாட்டார்கள். அவை தள்ளிய திருத்தங்களையும் குறித்து வையுங்கள். எதிர்த்தரப்பு அதே பொருளைப் பிரிவுக்குள் நுழைக்கப் பார்க்கும்போது கைகொடுக்கும்.

கேள்வி: பழைய சட்டங்களுக்கு வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 1969-க்கு முந்தையவற்றைச் 'சென்னைச் சட்டம்' என்ற பெயரில் தேடுங்கள்; தமிழ்நாடு என்ற பெயர் பின்னால் ஏற்றப்பட்டது. 1986 நவம்பர் 1-இல் சட்ட மேலவை நீங்கும்வரை இரு அவை விவாதங்களையும் பாருங்கள்.