இரண்டு ஸ்பூன் ஓட்ஸ் போதுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. ஆறு வருடமாகச் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) 148 என்று வந்தது. காலையில் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார் டாக்டர். தினமும் இரண்டு ஸ்பூன் ஓட்ஸைப் பாலில் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை போட்டுக் கொடுக்கிறேன். பத்து மணிக்கே பசிக்கிறது என்று முறுக்கு டப்பாவைத் திறந்துவிடுகிறார். சுகரும் குறையவில்லை. "இதுக்கு என் கேழ்வரகுக் கூழே தேவலாம்" என்கிறார். நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பத்து மணிக்கு உங்கள் மாமியாருக்குப் பசிப்பது நியாயம்தான். இரண்டு ஸ்பூன் ஓட்ஸ் என்பது ஏறக்குறைய 15 கிராம். அதில் 60 கலோரிகூட இருக்காது. பாலையும் சேர்த்துப் பார்த்தாலும் அது ஒரு டம்ளர் பானம்தானே தவிர, காலைச் சாப்பாடு ஆகாது. புதுச்சேரி, கடலூர் பக்கம் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் ஓட்ஸை இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். மருந்து மாதிரி நினைத்து ரொம்பக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

கொழுப்பைக் குறைக்க ஓட்ஸைச் சொல்வதற்குக் காரணம், அதில் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து. இது தண்ணீரில் கரையும் வகை. குடலுக்குள் போய்க் கூழ்போல வழவழப்பாகி, செரிமானத்துக்காகச் சுரக்கும் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். கல்லீரல் மறுபடி பித்த அமிலம் தயாரிக்க வேண்டும். அதற்கான கொழுப்பை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். எல்டிஎல் குறைவது இப்படித்தான். இதற்கு ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸ் பாக்கெட்டுகளில் இதய நலன் பற்றி எழுத அனுமதி கொடுத்தபோது வைத்த அளவும் இதுதான். 40 கிராம் ஓட்ஸில், அதாவது அரை கப்பில், சுமார் ஒன்றரை கிராம் இருக்கிறது. 3 கிராம் கிடைக்க 75, 80 கிராம் சாப்பிட வேண்டும். உங்கள் மாமியாருக்கு இப்போது கிடைப்பது அரை கிராம் சொச்சம்.

அவ்வளவையும் காலையிலேயே சாப்பிட்டாக வேண்டும் என்பதில்லை. காலையில் 40 கிராம், இரவுக்கு இன்னொரு 40 கிராம் என்று பிரித்துக்கொள்ளலாம். இரவிலும் ஓட்ஸா என்று அலுத்துக்கொண்டால் பார்லிக் கஞ்சி வைத்துக்கொடுங்கள், அதிலும் இதே நார் உண்டு. ஒரேயடியாக அளவைக் கூட்டினால் வயிறு உப்பும், காற்றுப் பிரியும். முதல் வாரம் 20 கிராம், அடுத்த வாரம் 30 என்று ஏற்றுங்கள். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கட்டும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அளவு தினமும் சாப்பிட்டால் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். 148 என்பது 135, 140க்கு வரும். சுகர் இருப்பவர்களுக்கு இது 100க்குக் கீழே, சிலருக்கு இன்னும் கீழே இருக்க வேண்டும் என்றுதான் டாக்டர்கள் பார்ப்பார்கள். அதனால் கொழுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், 'அதான் ஓட்ஸ் சாப்பிடுகிறோமே' என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையோடு சேர்ந்துதான் ஓட்ஸ் உதவும்.

சரி, சுகர் ஏன் குறையவில்லை? முதல் காரணம் நாட்டுச் சர்க்கரை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு விளைகிற ஊர்க்காரர்கள் நாம், வெல்லத்தின் மேல் நமக்குப் பிரியம் அதிகம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது காரணம் ஓட்ஸின் வகையாக இருக்கலாம். முழு மணியை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக உருட்டுவது ரோல்டு ஓட்ஸ். அதையே இன்னும் மெல்லியதாக்கி, வெந்நீர் ஊற்றியதும் குழையும்படி செய்வது இன்ஸ்டன்ட். ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைச் சொல்லும் எண் கிளைசெமிக் இண்டெக்ஸ். ரோல்டு ஓட்ஸுக்கு அது 55 அருகில் இருக்கும், இன்ஸ்டன்ட் 80ஐத் தொடும். அது கிட்டத்தட்ட வெள்ளை ரொட்டியின் வேகம். கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் ஓட்ஸ் ஒன்று மட்டும்தான் இருக்க வேண்டும். அவல் மாதிரி தடிமனான செதில்களாக இருந்தால் நல்லது, தூளாக இருந்தால் வேண்டாம். சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் (சீக்கிரம் செரிக்கும் ஒரு மாவுப்பொருள்), சுவையூட்டி என்று நீண்டுகொண்டே போகும் மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் உப்பும் அதிகம். ஓட்ஸை மிக்சியில் பொடித்துத் தோசை வார்ப்பதும் அடிக்கடி வேண்டாம். எதையும் மாவாக்கினால் சீக்கிரம் செரித்துச் சுகரைச் சீக்கிரம் ஏற்றும்.

மாமியாருக்குப் பிடிக்கிற மாதிரி செய்ய ஒரு வழி சொல்கிறேன். 40 கிராம் ரோல்டு ஓட்ஸை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் கிளறி வேகவிடுங்கள். கரண்டியைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், அதுதான் பதம். அந்த வழவழப்பு பிடிக்காமல் சிலர் ஓட்ஸைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள், நமக்கு வேண்டிய நார் கரைந்திருப்பது அதில்தான். இறக்கி நன்றாக ஆறவிட்டு, கொஞ்சம் உப்பு, ஒரு டம்ளர் புளித்த மோர், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை சேருங்கள். சூட்டோடு மோர் ஊற்றினால் திரிந்துவிடும். கூழ் குடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் புளிப்பு பிடித்துப்போகும், பாலும் சர்க்கரையும் போட்ட கஞ்சியைவிட இதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

கஞ்சியே வேண்டாம் என்றால் உப்புமா கிளறலாம். ஓட்ஸை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துத் தனியே வையுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்து வெங்காயம், பீன்ஸ், கேரட் வதக்கி, அரை டம்ளர் தண்ணீரில் காய் வெந்ததும் ஓட்ஸைத் தூவிக் கிளறி மூடிவையுங்கள். ரவை உப்புமாவுக்கு ஊற்றுகிற அளவு தண்ணீர் ஊற்றினால் களியாகிவிடும். கஞ்சியோ உப்புமாவோ, பக்கத்தில் ஒரு வேகவைத்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் கட்டாயம் இருக்கட்டும். 40 கிராம் ஓட்ஸில் 5 கிராம் புரதம்தான் உண்டு, முட்டை சேர்ந்தால் இன்னொரு 6 கிராம் கிடைக்கும். பத்து மணிப் பசி அடங்க இது முக்கியம். அப்படியும் பசித்தால் முறுக்குக்குப் பதில் உப்புப் போடாத பண்ருட்டி முந்திரி ஏழெட்டுக் கொடுங்கள்.

இனி கூழ். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, அவசியமும் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, ஓட்ஸில் அதில் ஆறில் ஒரு பங்குதான். 62 வயதுப் பெண்ணின் எலும்புக்கு அது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் கேழ்வரகின் நார் பெரும்பாலும் கரையாத வகை, மலச்சிக்கலுக்கு நல்லது, கொழுப்பு விஷயத்தில் ஓட்ஸ் அளவுக்கு வேலை செய்யாது. மாவையும் நொய்யையும் குழையக் காய்ச்சுவதால் கூழிலும் சுகர் ஏறலாம். சொம்பு நிறையக் குடிக்காமல் ஒரு டம்ளரோடு நிறுத்தினால் போதும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய் எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு வேளையிலேயே உப்பு எங்கோ போய்விடும். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூழோ, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையோ கொடுங்கள். அந்த நாட்களில் ஓட்ஸை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எது அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு நாள் ஓட்ஸ், ஒரு நாள் கூழ், ஒரு நாள் வழக்கமான இட்லி கொடுத்து, முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்து எழுதி வையுங்கள். மூன்று நாளும் மாத்திரை ஒரே மாதிரி இருக்கட்டும். ஒருவர் உடம்பு போல இன்னொருவர் உடம்பு இருக்காது, இந்த மூன்று எண்களே உங்களுக்கு வழிகாட்டும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஓட்ஸ் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அளவைக் கூட்டாதீர்கள், ஓட்ஸில் பாஸ்பரஸ் இருக்கிறது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாதாரண ஓட்ஸ் பாக்கெட்டும் ஆகாது, அதில் கோதுமை கலந்திருக்கலாம்.

மூன்று மாதம் இப்படிக் கொடுத்த பிறகு லிப்பிட் புரொஃபைலும் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எச்பிஏ1சியும் (மூன்று மாதச் சராசரிச் சுகர்) எடுத்து, பழைய ரிப்போர்ட்டையும் குளுக்கோமீட்டரில் குறித்துவைத்த எண்களையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.