‘அடாத்தாகப் பிடித்தல்’ என்றால் களவா?

கிளிநொச்சிப் பக்கம் ‘அந்தக் காணியை அடாத்தாப் பிடிச்சு வைச்சிருக்கிறார்’ என்கிறார்களே, அது களவா என்று கேட்டிருக்கிறீர்கள். களவு இல்லை. களவெடுப்பவன் ஒளிப்பான், அடாத்தாகப் பிடிப்பவரோ பட்டப்பகலில் வேலி போட்டுக் கிணறும் வெட்டி, ‘இது என்ரை காணி’ என்பார். அடாது, அதாவது தகாது என்பதிலிருந்து வந்த சொல். ‘அபகரித்தல்’ என்பதைவிட இதில் சூடு அதிகம்.

ஆனால் வன்னியில் எல்லா அடாத்தும் ஒன்றல்ல. அரச காணியில் காடு வெட்டிக் குடியிருப்பவரையும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் பெமிற், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் கேட்கலாம். எத்தனை வருடம் இருந்தாலும் ஆட்சியுரிமை, அதாவது நெடுங்காலம் வைத்திருந்ததால் வரும் சொத்துரிமை, கோர முடியாது.

உறுதி (பத்திரம்) உள்ள தனியார் காணி வேறு கதை. 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் தடையின்றி அனுபவித்து வந்தவர் நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம். சரி, இடம்பெயர்ந்து போனவர்களின் கதி? அதற்காகத்தான் 2016 இல் விசேட சட்டம் வந்தது. போர்ச் சூழலால் தன் உரிமையைத் தேட முடியாமல் போனவருக்கு எதிராக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்த 10 வருடக் கணக்கில் சேர்க்க முடியாது என்றது அந்தச் சட்டம். ‘பார்த்துக்கொள்ளுங்கோ’ என்று உரிமையாளரே விட்டுப்போன காணியென்றால், அந்த அனுமதியில் இருக்கும்வரை 10 வருடக் கணக்கு தொடங்குவதே இல்லை.