அப்பா பெயரில் ஆற்றோரம் ஒரு கல் பெஞ்ச்

கேள்வி: எங்கள் ஊர் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம். அப்பா தினமும் காலையில் ஆற்றோரமாக மூலத்தறை வழியில் நடப்பார். போன வருடம் தவறிவிட்டார். அவர் நினைவாக அந்த வழியில் ஒரு கல் பெஞ்ச் போட ஆசை. இங்கிலாந்தில் இருக்கும் தம்பி, அங்கே நடைபாதைகளில் பெயர்ப் பலகையோடு இருக்கும் பெஞ்சுகளைப் படம் எடுத்து அனுப்பினான். எல்லை தாண்டி ஒரு கிரானைட் பட்டறையில் கேட்டோம். கறுப்புக் கல்லில் அப்பா படத்தையும் செதுக்கித் தருகிறோம், முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். கல்லைப் பற்றிப் பேசும் முன் இடத்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். ஆற்றங்கரை பெரும்பாலும் புறம்போக்கு. முதலில் வில்லேஜ் ஆபீசில் சர்வே எண்ணைக் காட்டி அது யார் பொறுப்பில் உள்ள நிலம் என்று கேளுங்கள். அப்புறம் பஞ்சாயத்தில் மனு கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. பாதையை அகலப்படுத்தும்போது முதலில் போவது காகிதம் இல்லாத பெஞ்ச்தான். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது.

தம்பி பார்த்த பெஞ்சுகளும் பெரும்பாலும் நிரந்தரமானவை அல்ல. அங்கே பல உள்ளாட்சிகள் பத்து ஆண்டு போல ஒரு கெடு வைத்துத்தான் இடம் தருகின்றன. கெடு முடிந்தால் குடும்பம் புதுப்பிக்க வேண்டும். நீங்களும் அனுமதிக் கடிதத்தில் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேளுங்கள்: பழுதானால் யார் சரி செய்வது, இடம் மாற்ற நேர்ந்தால் உங்களுக்குத் தகவல் தருவார்களா.

அடுத்தது படம். தயவுசெய்து வேண்டாம். ஆற்றங்கரையில் கறுப்புக் கல், அதில் ஒரு முகம், தோற்றம் மறைவு தேதிகள் என்று இருந்தால், பார்க்கிறவர்கள் அதைச் சமாதி என்றே நினைப்பார்கள். யாரும் உட்கார மாட்டார்கள். பெயரையும் உட்காரும் பலகையில் வெட்டக் கூடாது. பெரியவர் பெயர் மேல் உட்கார நம் ஆட்களுக்கு மனசு வராது. சாய்மானத்தின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வரி போதும். நம் ஊர்ச் சாலையோரங்களில் இன்னும் நிற்கும் சுமைதாங்கிக் கற்களைப் பாருங்கள். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் நட்டவை அவை. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இறக்கிவிட ஆள் தேடாமல் தாமே சுமையை வைக்கிற உயரத்தில் குறுக்குக் கல் இருக்கும். பல கற்களில் பெயர் அழிந்துவிட்டது, ஆனால் வழிப்போக்கர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினார்கள். உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒன்று அமைய வேண்டும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி கல். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதங்களில் பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லில் மதியம் கை வைக்க முடியாது. சாம்பல் நிறக் கல், சொரசொரப்பான மேற்பரப்பு, மர நிழல் என்று முடிவு செய்யுங்கள். 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 4 அங்குலத் தடிமன் உள்ள பலகை சுமார் 230 கிலோ வரும். சில இடங்களில் சமையலறை மேடைக்குப் போடும் முக்கால் அங்குலக் கல்லையே எடுத்து, ஓரத்தில் மட்டும் பட்டை ஒட்டித் தடிமன் காட்டுவார்கள். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து அடியில் கை விட்டுத் தடவினால் ஓரப் பட்டையைத் தாண்டியதும் விரல் உள்ளே இறங்கும். அந்தக் கல் நான்கு பேர் உட்கார்ந்தால் நடுவில் விரிசல் விடும். பிறகு ஒரு நாணயத்தால் பலகையை அங்கங்கே தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் உள்ளே வெடிப்பு இருக்கலாம்.

உட்காரும் உயரம் தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருக்கட்டும். நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள், எனவே ஒரு பக்கமாவது கைப்பிடி வையுங்கள். எழுந்திருக்க அதுதான் உதவும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கரையோர வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அதற்கு மேலே இடம் பாருங்கள்.

கொட்டேஷனில் கல், எழுத்து, வண்டி, இறக்குகூலி, கான்கிரீட் போட்டு நிறுத்துவது எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். பாதிக்கு மேல் முன்பணம் தராதீர்கள். மீதியை பெஞ்ச் இடத்தில் நின்ற பிறகு கொடுங்கள்.

கேள்வி: ஆந்திராவில் குப்பம் என்ற ஊரில் இருக்கிறோம். அம்மா நினைவாக ஏரிக்கரையில் போட, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஒரு கடையில் கறுப்பு கிரானைட் பெஞ்ச் வாங்கினோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. எழுத்தும் மங்கிவிட்டது. கடைக்காரர் "கல்லுக்கு ஏதுங்க கேரண்டி" என்கிறார். வேறு மாநிலம் என்பதால் ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: செய்யலாம். சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பது இந்தத் தொழிலில் பழைய தில்லுமுல்லு. வெள்ளைப் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரை நனைத்து, கல்லின் அடிப்பக்கம், வெயில் படாத இடத்தில் அழுத்தித் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் அது சாயம். தேய்ப்பதை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

பில்லில் "கறுப்பு கிரானைட்" என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்று ஆகிவிடுகிறது. அதற்குத் தனியாக கேரண்டி அட்டை தேவையில்லை. முதலில் பதிவுத் தபாலில் கடைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, கல்லை மாற்றித் தர 15 நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை இருக்கும் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எழுத்து மங்கியதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். கல்லை ஆழமாக வெட்டாமல் மேலாகக் கீறி பெயின்ட் நிரப்பினால் வெயிலில் அது நிற்காது. மாற்றித் தரும்போது, பெயின்ட் இல்லாமலேயே விரல் வைத்துப் படிக்கிற ஆழம் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தேவிகுளம் பக்கம் எஸ்டேட் பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து, மறைந்த எங்கள் டீச்சர் நினைவாக நடைபாதையில் தேக்கு பெஞ்ச் போடுகிறோம். அந்த மழைக்குத் தாங்குமா?

பதில்: வைரம் பாய்ந்த தேக்கு, அதாவது மரத்தின் உள்கட்டை, தாங்கும். வெளிப்புறத்து வெள்ளைக் கட்டை கலந்திருந்தால் உளுத்துப்போகும். வார்னிஷ் அடிக்கும் முன்பே போய் ஒவ்வொரு சட்டத்தையும் பாருங்கள், வெளிறிய பட்டை ஓடினால் திருப்பிக் கொடுங்கள். கால்கள் மண்ணைத் தொடக் கூடாது, கல் மேல் நிற்கட்டும். பாதை எஸ்டேட் நிலத்தில் என்றால் மேனேஜரின் கடிதம் வேண்டும். இரும்பு ஆணி தேக்கில் கறை விடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடச் சொல்லுங்கள்.